தொண்ணூற்றெட்டரும் ஆறாம் வாய்க்கால் நீரும்

சென்ற கிழமை எங்கள் குளத்து உழவர்களின் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இவ்வாண்டுச் சிறுபோகத்துக்கு ஆறாம் வாய்க்காலில் நீர் பாய்ந்தது செயலாளரின் அயராத முயற்சியால் என்று நன்றியுரை ஆற்றினார். செயலாளர் நான்தான். அவை கைதட்டியது, நானும் தலைதாழ்த்தி ஏற்றுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்துக்கொண்டேன். அந்த நீரைக் கைநழுவ விடவிருந்தவன் நான். மீட்டுத் தந்தவர் வேறொருவர். கைதட்டல் காற்றோடு போய்விடும், எழுத்து நிற்கும் என்பதால் உண்மையை இவ்வார இதழில் எழுதி வைக்கிறேன்.

மீட்டுத் தந்தவர் தொண்ணூற்றெட்டர். வன்னிப் பெருநிலம் முழுவதிலும் கணினியின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு அமர்ந்த மனிதர் அவர் ஒருவரே. கணினியைத் திட்டியவர்கள் பலரை நான் அறிவேன். கணினியிடம் மன்னிப்புக் கேட்டவர் என்று வேறெவரையும் கண்டதில்லை.

பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கணினியைத் துயிலெழுப்பி, ஏனைய மென்பொருள்களுக்கு இடங்கொடுத்து நடத்தும் அடிப்படை ஏற்பாட்டை இயங்குதளம் என்பர். தொண்ணூற்றெட்டு என்னும் எண்ணைப் பெயரில் தாங்கி முன்னொருகால் ஓர் இயங்குதளம் வந்தது. கணினியுலகம் அத்துடன் நிறைவெய்திவிட்டது என்பதும், பின்னர் வந்தவை யாவும் வெறும் வண்ணப் பூச்சு என்பதும் அவருடைய அசையாத கொள்கை. தம் ஐம்பத்தைந்து வயதுக்குள் அக்கொள்கையை அவர் விளக்காத மனிதர் எங்கள் குடியேற்றத்தில் இல்லை. ஆகவே ஊர் கூடி அவரைத் தொண்ணூற்றெட்டர் ஆக்கியது.

ஏ-ஒன்பது வீதியிலிருந்து எங்கள் குளத்துக்குத் திரும்பும் சந்தியில் அவர் கடை. பெயர்ப்பலகையில் 'கணினி திருத்தப்படும்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில் 'மரியாதையாகப் பேசவும்' என்றும் இருந்தது. இரண்டாவது வரி தொண்ணூற்றெட்டருக்கான மரியாதை பற்றியது என்று வாடிக்கையாளர் எண்ணுவர். உள்ளே போனபின்தான் அது கணினிக்கான மரியாதை என விளங்கும்.

ஒருமுறை ஒரு கடைக்காரர் தம் கணினியைத் தூக்கிவந்து, "உந்தப் பழசை ஒருக்காப் பாரும்" என்றார். தொண்ணூற்றெட்டர் அவரைக் கணினியோடு வாசலுக்கு அனுப்பிவிட்டார்.

"வெளியில நிண்டு, 'மூத்தவருக்குச் சுகமில்லை' எண்டு சொல்லிக்கொண்டு திரும்ப வாங்கோ."

"என்ன விசர்க் கதை இது?"

"கதையில்லை, அவருக்குக் காது கேக்கும்."

கடைக்காரர் வெளியே போய், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவ்வாறே சொல்லிக்கொண்டு திரும்ப வந்தார். கணினி அன்று மாலையே நலமடைந்தது. அதன்பின் அக்கடைக்காரர் தம் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தையும் மூத்தவர் என்றே அழைக்கிறார்.

கனடாவிலிருந்து வந்த மச்சான் ஒருவர் புத்தம்புதிய மடிக்கணினி ஒன்றைத் தொண்ணூற்றெட்டருக்குப் பரிசளித்தார். மறுமுறை அவர் வந்தபோது அது எங்கே என்று தேடினார். கழுத்தை வளைத்துப் பார்க்க வேண்டியிருந்த பழைய திரை ஒன்றுக்கு உயரம் கொடுத்துக்கொண்டு அது அடியில் கிடந்தது. "நல்ல சாமான், மச்சான்," என்றார் தொண்ணூற்றெட்டர் நன்றியோடு. "சரியான மட்டம். துளியும் ஆடேல்லை."

புளியங்குளத்தில் யாரோ கழித்துவிட்ட கனத்த திரையொன்றை அவர் பேருந்தில் கொண்டுவந்த கதை இன்னொன்று. திரைக்கும் ஒரு பயணச்சீட்டு எடுத்து, யன்னலோரம் அமர்த்தி, தாமும் பக்கத்தில் இருந்தார். இடையில் ஒரு முதியவர் ஏறினார். தொண்ணூற்றெட்டர் உடனே எழுந்து தம் இருக்கையை அவருக்குக் கொடுத்தார். திரையை எழுப்பவில்லை. "அவருக்கு உள்ளுக்குக் கண்ணாடி, ஐயா, நிண்டு வரேலாது" என்று அம்முதியவரிடம் விளக்கமும் சொன்னாராம்.

இத்தகையவரின் கையில்தான் எங்கள் நீர்முறை இருந்தது. அதைச் சற்று விளக்க வேண்டும்.

காலபோகத்தில் மழை உண்டு, எல்லாருக்கும் விளையும். சிறுபோகத்தில் குளத்து நீரே கதி. குளத்தில் நீர் குறைந்த ஆண்டில் எங்கள் ஆறு வாய்க்கால்களுக்கும் திறக்க இயலாது. இரண்டு வாய்க்கால்களுக்கே திறப்போம். முதலாம் இரண்டாம் வாய்க்கால்கள் ஒரு முறை, மூன்றும் நான்கும் மறுமுறை, ஐந்தும் ஆறும் அதற்கு அடுத்தமுறை. எவர் முறை, எந்த வயலுக்கு எந்தக் கிழமை என்பதையெல்லாம் கணித்துத் தரும் கணினி நிரல் ஒன்றைச் சமாதான காலத்தில் இங்கிருந்த தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவர் எழுதித் தந்துவிட்டு நாடு கடந்து போய்விட்டார். அமைப்பின் கணினியில் அதை இயக்கும் பொறுப்பு தொண்ணூற்றெட்டருடையது. போரில் நாங்கள் ஊரோடு இடம்பெயர்ந்த நாட்களில் அந்நிரல், பழங்காலச் சேமிப்புத் தகடான நெகிழ்தட்டு ஒன்றில் ஏறி, அவருடைய சட்டைப்பையில் இருந்தபடி எங்களோடு நடந்து வந்து, எங்களோடு திரும்பியது. அது எவருடைய உறவும் இல்லை, எவர் வீட்டிலும் தேநீர் குடிப்பதில்லை என்பதால் அதன் சொல்லுக்கு ஊர் கட்டுப்பட்டது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆறாம் வாய்க்கால்களின் முறை வந்தபோது வரட்சியும் கூடவே வந்தது. பதினொரு நாள் நீர் ஓடியது. பிறகு குளம் தரை காட்டியது. விதைத்தது கருகிற்று. அந்த முறை கழிந்ததாகக் கொள்வதா, உயிரோடிருப்பதாகக் கொள்வதா என்று கூட்டம் கூடிப் பேசி முடிவெடுத்தோம். அதற்குப்பின் மூன்று ஆண்டுகள் வானம் வாரி வழங்கிற்று. எல்லா வாய்க்கால்களிலும் நீர் ஓடியதால் முறை என்னும் பேச்சையே மறந்தோம்.

இவ்வாண்டு வெள்ளம் வந்தது. தாழ்நிலமான ஆறாம் வாய்க்காலின் காலபோகப் பயிர் நின்றபடியே அழுகிற்று. குளக்கட்டும் அரித்துவிட்டது. அதைத் திருத்துவதற்காக நீரை இறக்கினார்கள். சிறுபோகத்துக்கு மீண்டும் இரண்டு வாய்க்கால்களுக்கே நீர் என்றாயிற்று.

முதலாம் வாய்க்காலின் தலைவர் பரமர் நல்ல மனிதர். நினைவுதான் அவருக்கு வசதியானது. "அஞ்சும் ஆறும் அண்டைக்கு எடுத்து முடிச்சிட்டினம். இனி ஒண்டிலயிருந்து தொடங்குவம்," என்றார் சந்தியில் நின்று. எதிர்த்துப் பேச எவருக்கும் உறுதியான நினைவில்லை.

மறுநாள் காலை லெட்சுமி அக்கா என் வீட்டுக்கு வந்தார். மலையகத்திலிருந்து வந்து எங்கள் குளத்தின் கீழ்க் குடியேறிய குடும்பத்தவர். ஆறாம் வாய்க்காலில் ஒன்றரை ஏக்கர். அதைத் தவிர அவருக்கு நிலமில்லை. வெள்ளத்தில் எல்லாம் போனபின் வீட்டில் உலைவைக்க இருந்த நம்பிக்கை இந்தச் சிறுபோகமே. இது தவறினால் முறை திரும்பி வர மேலும் இரண்டு சிறுபோகம் காத்திருக்க நேரிடலாம்.

"ஐயா, அன்னைக்கு நம்ம முறை சாகலைன்னு கூட்டத்துல சொன்னீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. உங்க கொப்பியில எழுதியிருப்பீங்கதானே?"

எழுதியிருந்தேன். கூட்டறிக்கைக் கொப்பியை அலுமாரியிலிருந்து எடுத்து, மூக்குக்கண்ணாடி அணிந்து, உரத்து வாசித்தேன்:

"வரட்சியினால் விளைந்த இடர்ப்பாடுகள் யாவும் விரிவாக ஆராயப்பெற்று, ஐந்தாம் ஆறாம் வாய்க்கால்களின் முறை குறித்து உரிய தீர்மானம் ஒருமனதாக நிறைவேற்றப்பெற்றது."

லெட்சுமி அக்கா கொப்பியை எட்டிப் பார்த்தார். பிறகு, "நல்லா எழுதியிருக்கீங்க ஐயா. தண்ணி எங்க இருக்கு?" என்றார்.

நாற்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். என் வாழ்நாளில் என் நடையைப் பற்றி எவரும் இவ்வளவு சுருக்கமாகத் திறனாய்வு செய்ததில்லை. உரிய தீர்மானம் எதுவென்பதை நான் எழுதவேயில்லை. "முறைப்பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது" என்று கீழே ஒரு வரி மட்டும் இருந்தது. இணைத்த தாளைக் கறையான் எப்போதோ ஆராய்ந்து முடித்திருந்தது.

"கணினியில் இருக்கும், அம்மா," என்று சொல்லி அவரை அனுப்பினேன். கணினியில் அது இல்லை என்பதை நான் இரண்டு மாதங்களாக அறிவேன்.

காரணமும் நானே. கூட்டறிக்கைகளைக் கணினியில் அழகிய தமிழ் எழுத்துகளில் அச்சிட வேண்டுமென்று எனக்கு ஆசை. அதற்குப் புதிய இயங்குதளம் வேண்டுமென்றார்கள். தொண்ணூற்றெட்டரிடம் கேட்டால் மறுப்பார் என்பதால், அவர் ஒரு திருமணத்துக்குப் போயிருந்த நாளில் வவுனியாவிலிருந்து தொழினுட்பர் ஒருவரை அழைத்தேன். "முக்கியமா ஏதும் உள்ளுக்கு இருக்கே, ஐயா?" என்று அவர் பண்போடுதான் கேட்டார். "கூட்டறிக்கைகளைத் தவிர முக்கியமானவை எவையும் இல்லை" என்றேன். அவர் கூட்டறிக்கைகளை மட்டும் காப்பாற்றிவிட்டு ஏனைய யாவற்றையும் துடைத்துவிட்டார். தொண்ணூற்றெட்டர் திரும்பிவந்து திரையைப் பார்த்தார். கதவருகே விட்டிருந்த செருப்பை எடுத்து, கணினி அறைக்குள்ளேயே அணிந்துகொண்டு, வெளியேறினார். அன்று தொடக்கம் என்னோடு பேச்சு இல்லை.

இனிப் போகாமல் முடியாது. கடைக்குப் போய் வாசலில் நின்றேன்.

"மூத்தவருக்குச் சுகமில்லை," என்றேன்.

அவர் நிமிரவில்லை. "மாஸ்டர், நீங்கள் ஆளைச் சாகடிச்சுப்போட்டு வந்து சுகமில்லை எண்டுறியள்."

"என் பிழைதான், தம்பி. உம்மிடம் சொல்லாமற் செய்தேன். இப்போது லெட்சுமியின் நீர் போகப்போகிறது."

லெட்சுமியின் பெயரைக் கேட்டதும் அவர் எழுந்துவிட்டார். "அதை முதல்லயே சொல்லியிருக்கலாமெல்லோ! வாறன். ஆனா ரெண்டு கட்டுப்பாடு. என்ர கலண்டர் என்னோட வரும். மற்றது, வேலை முடியுமட்டும் நீங்கள் அங்க செந்தமிழ் கதைக்கக் கூடாது. நிரல் பெரியவர் நடுங்கிப்போவார்."

அந்த நாட்காட்டி ஊரறிந்த நகைப்பு. தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக்குரியது. ஆண்டுதோறும் எல்லாரும் புதியது மாட்ட, அவர் அதே நாட்காட்டியைத் தூசு தட்டித் திரும்ப மாட்டுவார். அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அமைப்பின் அலுவலகத்துக்கு நடந்தார்.

முதலில் நிரல் வேண்டும். தம்மிடமிருந்த நெகிழ்தட்டை எடுத்துப் பார்த்தார்; வெள்ளத்தில் கடைக்குள் நீர் புகுந்ததில் அது பூஞ்சணம் பிடித்திருந்தது. நான் தலையில் கை வைத்தேன். அவரோ பதறவில்லை.

"இடம்பெயர்ந்த சனம் ஒரு சாமானை ஒரு வீட்டில மட்டும் வைக்குமே, மாஸ்டர்? மற்றத் தட்டு உங்களிட்டத்தானே தந்தனான்."

"என்னிடமா?"

"அந்த வரட்சிக் கூட்டம் முடிஞ்ச அண்டைக்கு. கறுப்பா, சதுரமா, பொலித்தீன் உறையில."

வீட்டுக்கு ஓடினேன். என் பேரகராதியில், நான் அடிக்கடி புரட்டும் பக்கத்தில், அடையாளத்துக்காக ஏதோ ஒரு கறுப்புச் சதுரத்தை வைத்திருந்தேன். நான்கு ஆண்டுகளாக ஆறாம் வாய்க்காலின் நீர் என் அகராதிக்குப் பக்க அடையாளமாக இருந்திருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "புத்தகத்துக்குள்ள வெயில் படாது. நல்லாத்தான் வைச்சிருந்திருக்கிறியள்," என்றார். அந்தப் பெருந்தன்மை திட்டு வாங்குவதைவிடக் கடினமாக இருந்தது.

கணினி பழையது, அதன் முகப்பில் நெகிழ்தட்டு நுழையும் வாய் இன்னும் இருந்தது. ஆனால் உள்ளே குடியிருந்த இயங்குதளமோ புதியது. நிரலைத் திறக்கச் சொன்னதும், இது இங்கே இயங்காது என்று ஒரு பெட்டி தோன்றிற்று.

"பாத்தீங்களே மருமகன்ர கதையை!" என்றார் தொண்ணூற்றெட்டர். "பெரியவர் இருந்த வீடு. இவர் நேற்று வந்தவர். ஆளைத் தெரியாதாம்."

மருமகனோடு முதலில் நயமாகப் பேசிப் பார்த்தார். பழைய காலத்து நிரல்களைப் பழைய முறைப்படி நடத்துமாறு கேட்கும் ஓர் ஏற்பாடு புதிய இயங்குதளத்திலேயே உண்டு, அதை அழுத்தினார். மருமகன் இணங்கவில்லை. "சரி, தனிக்குடித்தனம்தான்," என்று பெருமூச்செறிந்து இரண்டாம் வழிக்குப் போனார். பழைய கணினி ஒன்றைப் போலவே நடிக்கும் மென்பொருளைப் புதிய இயங்குதளத்துக்குள் நிறுவினார். வீட்டுக்குள்ளே ஒரு சிறு வீடு. அதற்குள் இன்னும் பழைய காலம். நிரல் அங்கே போய்க் கண் விழித்தது. தான் வேறெவர் வீட்டிலோ இருப்பது அதற்குத் தெரியவில்லை.

"சத்தம் போடாதேங்கோ," என்று கிசுகிசுத்தார். "தன்ர வீடெண்டு நினைக்கிறார்."

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் தோன்றி, இன்றைய நாள் என்ன என்று கேட்டன. இவ்வாண்டைக் கொடுத்தார். நிரல் மறுத்தது. மறுபடியும் கொடுத்தார், மறுபடியும் மறுத்தது. அதை எழுதிய உத்தியோகத்தர் அது இத்தனை காலம் வாழுமென்று எண்ணியிருக்கவில்லை. அதற்குள் இருந்த நாட்காட்டி சென்ற ஆண்டோடு முடிந்திருந்தது. முறையை முடிவுசெய்யும் கூட்டமோ மறுநாள் காலை.

தொண்ணூற்றெட்டர் சுவரில் மாட்டிய தம் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு, தொண்ணூற்றெட்டாம் ஆண்டு என்று விசையழுத்தினார். நிரல் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது.

"ஐயையோ, தம்பி! ஆண்டு பிழை, கிழமைகள் யாவும் தலைகீழாகிவிடுமே!" என்று கட்டுப்பாட்டை மறந்து கூவினேன்.

"அந்தச் சுவரில இருக்கிற உங்கட கலண்டரையும் என்ர கலண்டரையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ."

பார்த்தேன். தை முதலாம் தேதியிலிருந்து இறுதிவரை இரண்டிலும் ஒரே கிழமைகள்.

"இருபத்தெட்டு வருசம் பின்னால போனா கிழமையெல்லாம் அச்சாத் திரும்பி வரும். பெரியவருக்கு வருசம் என்னத்துக்கு? திங்களைத் திங்கள் எண்டு சொன்னாக் காணும்."

ஊர் முழுவதும் நகைத்த நாட்காட்டி இவ்வாண்டு எங்கள் எல்லாருடைய நாட்காட்டிகளையும் போலவே சரியாக இருந்தது.

மறுநாள் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் கூடியது. கணினியை மண்டபத்துக்கே தூக்கிவந்து, ஒரு கதிரையில் அமர்த்தி, எல்லார் முன்னிலையிலும் பட்டியலை அச்சிட்டார் தொண்ணூற்றெட்டர். ஐந்தும் ஆறும் என்று வந்தது. பரமர் எழுந்தார்.

"உந்தப் பட்டியலை நேற்று நீரே அடிச்சிருக்கலாமெல்லோ? உமக்கும் வாத்தியாருக்கும் வேற என்ன வேலை?"

"அடிச்சது நான்தான், அண்ணை. ஆனா நேற்று இல்லை. வரட்சிக் கூட்டத்தில, நீங்கள் கதைக்கக் கதைக்க அடிச்சனான். குறிப்பை வாசிக்கட்டே?"

நிரலுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆங்கில எழுத்துகளைக் கொண்டு தமிழை எழுதியிருந்தார். அதை உரத்து வாசித்தார்:

"தண்ணி பதினொரு நாள். பயிர் சரி வரேல்லை. முறை சாகேல்லை. அடுத்தமுறை குறைஞ்சா அஞ்சும் ஆறும் முதல். சொன்னது பரமர் அண்ணை. எல்லாரும் ஓம். மோர் பரமர் வீட்டு மோர். உப்புக் கூடிப்போச்சு."

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஓமடா! அந்த உப்பு மோர்!"

"என்ர கடவுளே, அண்டைக்கு முழுக்கத் தண்ணி குடிச்சனான்!"

"குளத்தில இல்லாத தண்ணியை நாங்கள் வீட்டில குடிச்சு முடிச்சனாங்கள்!"

தீர்மானத்தை மறந்த ஊர், மோரின் உப்பை மறந்திருக்கவில்லை. உப்பைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்தது: யார் எங்கே இருந்தார்கள், பரமர் எப்படி எழுந்து நின்று, 'கருகின பயிருக்கு முறை எண்டு கணக்குப் பாக்கிறது மனுசத்தனம் இல்லை' என்று சொன்னார் என்பது வரைக்கும். பரமர் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். அவர் முகம் மெல்ல மாறியது.

"நான் அவ்வளவு நல்லவனாய் இருந்தனானே?" என்று கேட்டார்.

"இப்பவும் நல்லவருதான் ஐயா," என்றார் லெட்சுமி அக்கா. "மறதி மட்டும் கொஞ்சம் கூடிப்போச்சு. உப்பு மாதிரி."

பரமரே முதலில் சிரித்தார். ஐந்துக்கும் ஆறுக்கும் திறப்பதென்று அவரே மறுபடியும் முன்மொழிந்தார். அச்சிட்ட பட்டியல்களில் ஆண்டு மட்டும் இருபத்தெட்டு ஆண்டுகள் பின்தங்கியிருந்தது. அதை நான் பேனையால் ஒவ்வொரு தாளிலும் திருத்தினேன். அமைப்பு கைதட்டிய அயராத முயற்சி இவ்வளவே.

மதகு திறந்த நாளில் ஆறாம் வாய்க்காலின் கடைசி வரை நடந்து போனேன். லெட்சுமி அக்கா வரம்பில் நின்று, நீர் தம் வயலுக்குள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்றெட்டர் சற்றுத் தள்ளி நின்று அவரைக் கூப்பிட்டு, "அக்கா, பெரியவரிட்டச் சொல்லிவிடுறன், தண்ணி வந்திட்டுது எண்டு" என்றார். அக்கா நகைக்கவில்லை. "சொல்லுங்க தம்பி. நான் கேட்டதாவும் சொல்லுங்க," என்றார்.

இப்போது கூட்டறிக்கையை எழுதி முடித்ததும் தொண்ணூற்றெட்டரிடம் காட்டுகிறேன். அவர் ஒரேயொரு கேள்விதான் கேட்பார்: "இதில என்ன முடிவு எண்டு எங்க இருக்கு, மாஸ்டர்?" பெரும்பாலும் திரும்ப எழுதவேண்டியிருக்கிறது.

இங்கே எழுதியவற்றில் ஒரு வாய்க்காலின் எண்ணோ, ஒருவர் சொன்ன சொல்லோ பிழையாயிருந்தால், அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் அருள்கூர்ந்து இதழுக்கு எழுதித் திருத்துங்கள். எழுத்திற் சிறிது தெளிவு குறைந்தாலும் ஒருவர் வயல் காய்ந்துபோகும் என்பதைக் காலந்தாழ்த்திக் கற்றவன் நான். அவசரமில்லை, தொண்ணூற்றெட்டர் வார இதழ்களைச் சலூனில் எல்லாரும் வாசித்துக் கழித்தபின், கட்டாக வாங்கிச் சென்று, ஆறேழு ஆண்டுகள் பிந்தித்தான் படிப்பார். அவர் இப்பக்கத்துக்கு வந்துசேரும் நாளில் இதில் பிழை இருக்கக்கூடாது. நான் இருப்பேனோ தெரியாது, அவர் இருந்து வாசிக்க வேண்டும்.